கெஸியாவின் இரண்டாம் தடவை

"நல்லா மென்னு முழுங்குங்க. அவசரமில்லீங்க" என்று சொல்லி, மொறுமொறு வர்க்கி பிஸ்கட் இருக்கும் எவர்சில்வர் டப்பாவை நீட்டுகிறார் கெஸியா. எதிரே உட்கார்ந்திருப்பவர் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். காது கேட்கிறதா என்று பார்க்க வந்த இடத்தில் தின்பதற்குக் கொடுக்கிறார்களே என்று விழிக்கிறார். "மலையேறி வந்தா காது அடைச்சுக்கும்ங்க. அடைச்ச காதோட உங்களை உள்ள உக்கார வெச்சா, மலையோட காதத்தான் நான் சோதிச்ச மாதிரி ஆகும். உங்களுதை இல்ல." அவர் மெல்லத் தொடங்கியதும் கெஸியா அவருடைய தாடையையே பார்க்கிறார். குரல்வளை ஏறி இறங்குவதைக் கண்டபிறகுதான் டப்பாவின் மூடி விழுகிறது.

கோத்தகிரி கடைவீதியிலிருந்து சற்று மேலேறினால் ஒரு பேக்கரி. அதை ஒட்டினாற்போல் ஒரு தொண்டு நிறுவனத்தின் செவிச் சோதனை நிலையம். முன்பு அது போட்டோ ஸ்டுடியோவாக இருந்தது. படம் கழுவிய இருட்டறைதான் இப்போது சோதனை அறை. சுவரெல்லாம் பழைய கம்பளம் ஒட்டி, நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருவர் உட்காருவார். வெளியே மெஷின் முன்னால் கெஸியா. அவர் ஒரு சத்தத்தை அனுப்புவார். கேட்டால் உள்ளிருப்பவர் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் கெஸியாவின் மேசையில் ஒரு குட்டி விளக்கு எரியும். சத்தம் குறைந்துகொண்டே போகும். எந்த இடத்தில் விளக்கு எரிவது நிற்கிறதோ அங்கே ஒரு குறி விழும். நன்றாகக் கேட்கும் காதுக்குக் குறி தாளின் மேல்பக்கம், மந்தமான காதுக்குக் கீழே. வலது காதுக்குச் சிவப்புப் பென்சிலில் வட்டம், இடது காதுக்கு நீலப் பென்சிலில் பெருக்கல். பார்ப்பதற்கு இவ்வளவு சுலபமான வேலை.

ஆனால் மனிதர்கள் சுலபமில்லை. அதிலும் இந்த மலைக்காரர்கள் மரியாதைக்காரர்கள். ஒரு பெண்மணி இத்தனை சிரத்தையாகச் சத்தம் அனுப்பும்போது, கேட்கவில்லை என்று எப்படி முகத்துக்கு நேராகச் சொல்வது? "கேக்குதுங்களா?" என்று ஒருமுறை ஒரு பெரியவரிடம் கேட்டார். "உங்க புண்ணியத்துல நல்லாக் கேக்குதுங்க" என்றார் அவர். மெஷினுக்கு அப்போது கரண்ட்டே வந்திருக்கவில்லை. இன்னொருவர் கெஸியாவின் புருவம் ஏறும்போதெல்லாம் பட்டனை அமுக்கினார். அன்றிலிருந்து கெஸியா சோதனைக்கென்று ஒரு தனி முகம் வைத்திருக்கிறார். கண் இருக்கும், மூக்கு இருக்கும், செய்தி எதுவும் இருக்காது.

"பொறந்தநாளுக்குச் சேலை எடுத்துக் குடுத்தாலும் அதே மூஞ்சிதாங்க. புடிச்சுதா புடிக்கலியான்னு தெரிஞ்சுக்க நான் அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்கணும். கோயிலுக்குக் கட்டிக்கிட்டு வந்தா புடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்பார் அவருடைய கணவர் சில்வஸ்டர்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் சில்வஸ்டருக்குக் கதை சொல்ல ஆள் கிடைத்தால் போதும். அவர் பெண் பார்க்க வந்த கதையைக் கட்டபெட்டு வரைக்கும் எல்லாரும் அறிவார்கள். கெஸியா அவரிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்டார். எல்லாம் முடிந்து சம்மதம் சொல்வார் என்று பெரியவர்கள் காத்திருக்க, "அடுத்த வாரம் ஒருக்கா வரச் சொல்லுங்க" என்றார். சில்வஸ்டர் வந்தார். கெஸியா அதே கேள்விகளை அதே வரிசையில் திரும்பக் கேட்டார். "மொத வாரம் நல்லபேர் வாங்கறதுக்காக எனக்குக் கீரை ரொம்பப் புடிக்கும்னு சொல்லிட்டேங்க. ரெண்டாவது வாரம் எங்க மறந்துருவனோன்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் கீரை, கீரைன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன். இன்னிக்கி வரைக்கும் வாரம் தவறாமத் தின்னுக்கிட்டிருக்கேன்."

இதைச் சொன்னால் கெஸியா சிரிப்பார். இந்தக் கதையின் முன்னால் மட்டும் சோதனை முகம் நிற்காது. ஆனால் இரண்டாம் தடவை வீட்டிலும் உண்டு. குழம்பில் உப்பு சரியா என்று ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்ப்பார். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொருமுறை பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். கெஸியா பூட்டைத் திறந்து, மறுபடி பூட்டி இழுத்துப் பார்ப்பார். "மொதத் தடவ பூட்டுனது அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம்" என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சிக்குத்தான் போன தை மாதத்தில் ஒரு சோதனை வந்தது.

ரேகா கட்டபெட்டுப் பக்கத்தில் தேயிலை பறிக்கிறவள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். தாத்தா காலம் தொட்டு முதுகில் கூடைதான். ஆனால் ரேகாவின் கண் கூடையில் இல்லை, பறித்த இலையை ஃபாக்டரிக்கு ஏற்றிச் செல்லும் லாரியில் இருந்தது. "மேல ரோட்டுல லாரி கியர் மாத்துற சத்தம் கேட்டா, கீழ செடிக்குள்ள நிக்கிற என் கால் தன்னால அமுங்கும்ங்க" என்பாள். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு எதற்கு ஹெவி லைசென்ஸ் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லாமல், மேட்டுப்பாளையத்துக்குப் போய்ப் போய் ஓட்டிப் பழகி லைசென்ஸ் டெஸ்டிலும் தேறிவிட்டாள். ஃபாக்டரி மேனேஜரும் இரக்கமில்லாதவர் அல்லர். இலை லாரிக்கு ஆள் தேவைப்பட்டபோது, "காது நல்லாக் கேக்குதுன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா, ஏத்திக்கிறேன்" என்றார்.

அந்த நிபந்தனையில் நியாயம் இருந்தது. இந்தப் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் பனி மூடிவிட்டால் கண்ணால் ஒரு பயனும் இல்லை. எதிரே வண்டி வருகிறதா என்று ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காதால்தான் ஓட்ட வேண்டும்.

ரேகா முதல்முறை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மூக்கு சிவந்திருந்தது. நெற்றியில் திருநீறு. கெஸியா டப்பாவை நீட்டினார். ரேகா பின்வாங்கினாள்.

"வேண்டாங்க மேடம். மாரியம்மனுக்கு விரதம். இந்த வேலை கெடைக்கணும்னு வேண்டியிருக்கேன். பொழுது சாயற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது."

கெஸியாவே தவக்காலத்தில் கடுமையாக விரதம் இருக்கிறவர். அடுத்தவர் விரதத்தைக் கலைப்பாரா? டப்பாவை மூடி வைத்தார். "அப்ப ரெண்டு கொட்டாவியாச்சும் விடு கண்ணு" என்றார். பயத்தில் கொட்டாவியும் வரவில்லை. சரி, மலைமேலேயே பக்கத்தில் இருக்கும் கட்டபெட்டிலிருந்து வருகிற பெண்தானே, கீழிருந்து மலையேறி வந்தவள் இல்லையே என்று கெஸியா அவளை உள்ளே உட்கார வைத்தார்.

வலது காதுக் குறிகள் ஓரளவு ஒழுங்காக விழுந்தன. இடது காதில் நீலப் பென்சில் இறங்கிக்கொண்டே போனது. கெஸியா எத்தனையோ தாள்களைப் பார்த்தவர். இந்தத் தாளை வைத்துக்கொண்டு லாரி ஓட்ட அனுமதி எழுத முடியாது. ஆனால் அவர் முடியாது என்றும் எழுதவில்லை. "அடுத்த வாரம் சாப்புட்டுட்டு வா கண்ணு. இன்னொரு தடவ பாத்துருலாம்" என்று மட்டும் சொன்னார்.

சோதனை முகத்தில் செய்தி இல்லாவிட்டாலும், இன்னொரு தடவை என்ற சொல்லில் இருந்தது. ரேகா அழுதுகொண்டே தோட்டத்துக்குத் திரும்பினாள். அங்கேதான் இசக்கியம்மா வந்து சேர்ந்தார். ரேகாவோடு இலை பறிக்கும் பெண்களுக்கு எல்லா விஷயத்திலும் யோசனை சொல்கிறவர் அவர். ஒரு முகாமில் கெஸியாவிடம் சோதனை செய்துகொண்ட அனுபவமும் அவருக்கு இருந்தது.

"அடியே, அது காதுக்கு வெக்கிற பரீட்ச இல்லடி. கண்ணாடி வழியா அந்தம்மா முழங்கையப் பாரு. முழங்கை அசைஞ்சா அமுக்கு."

"அசையறது தெரியலன்னா?"

"தெரியலன்னா, மூச்ச இழுத்து விடு, அமுக்கு. மறுபடி இழுத்து விடு, அமுக்கு. சும்மா மட்டும் இருந்துறாத. சும்மா இருந்தா செவிடுன்னு எழுதிப்புடுவாங்க."

அந்த வாரம் முழுக்கச் செடிகளுக்கு நடுவே ஒத்திகை நடந்தது. ஒருத்தி முழங்கையை ஆட்டுவாள், ரேகா கட்டை விரலை மடக்குவாள். எல்லாரும் கைதட்டுவார்கள். வாரம் முடிவதற்குள் ரேகா தேறிவிட்டாள்.

அடுத்த முறை வந்தவள் தானே கேட்டு வர்க்கி வாங்கித் தின்றாள். உள்ளே போய் ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு நேராக நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தாள். கெஸியா சத்தம் அனுப்பினார். விளக்கு எரிந்தது. குறைத்தார். எரிந்தது. மேலும் குறைத்தார். எரிந்தது. பிறந்த குழந்தைக்கும் கேட்காத சத்தத்துக்கு இறங்கினார். பளிச்சென்று எரிந்தது.

கெஸியா மெஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விளக்கு எரிந்தது. முழங்கையைச் சொறிந்தார். எரிந்தது. டீ டம்ளரை எட்டி எடுத்தார். எரிந்தது. மெஷினையே நிறுத்தினார். சுவாமி மாடத்து விளக்கு மாதிரி நிதானமாக எரிந்து எரிந்து அணைந்தது. பக்கத்து மேசையில் பதிவு எழுதிக்கொண்டிருந்த உதவியாளர் ஜீவா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

கெஸியா கதவைத் திறந்தார். "கண்ணு, மெஷின நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. இப்ப என்ன கேட்டுச்சு?"

ரேகா திருதிருவென்று விழித்தாள். "கொய்ங்னு... ஒண்ணு..."

"அது பேக்கரியில மாவு பிசையற மெஷின்."

ரேகாவுக்கு முதலில் வெட்கம், அப்புறம் கோபம். "மொதத் தடவ செவிடுங்கறீங்க. ரெண்டாந்தடவ பொய்யிங்கறீங்க. மூணாந்தடவ என்ன சொல்லப்போறீங்க? நாளைக்குக் காகிதம் வரலன்னா மயில்சாமி அண்ணன லாரியில ஏத்திருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க!"

"நான் செவிடுன்னும் சொல்லல, பொய்யின்னும் சொல்லல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. அவ்வளவுதான். நீயே சொல்லு, ஒரு மூட்ட எலைய தராசுல வெக்கிறாங்க. எறக்கிட்டு அதே மூட்டய மறுபடி வெக்கிறாங்க. வேற எடை காட்டுது. எத எடுத்துக்குவே?"

"ஜாஸ்தி காட்டுறத."

வாசலில் நின்ற ஜீவாவுக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

"மேனேஜர் எத எடுத்துக்குவாரு?"

"கம்மி காட்டுறத."

"அப்ப தராசு எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து மேனேஜரே போன் செய்தார். அவருக்கும் அவசரம், இலை குவிந்து கிடந்தது. இரண்டு தடவையும் வேறு வேறாக வந்திருக்கிறது என்று கெஸியா சொன்னார். "ரெண்டு ரிசல்ட் இருக்குதுல்ல மேடம்? எது நல்லா இருக்குதோ அத எழுதிக் குடுத்துருங்களேன். பாவம், புள்ள ஆசப்படுது."

"பனியில வளைவுல வர்ற பஸ்ஸு, எந்த ரிசல்ட் நல்லா இருக்குதுன்னு பாத்துட்டு வராதுங்களே சார்" என்றார் கெஸியா. "சாயங்காலத்துக்குள்ள சொல்றனுங்க."

போனை வைத்துவிட்டு ரேகாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "மொத நாளு என்ன நடந்துச்சு? காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லு."

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி கீழ மேட்டுப்பாளையம் போனேங்க, லைசென்ஸ் வாங்க. வாங்கிட்டு அதே வேகத்துல பஸ் ஏறி நேரா இங்க வந்து எறங்குனேன். தடுமம் வேற. காது ரெண்டும், அதுலயும் எடது காது, பஞ்ச அடைச்ச மாதிரி இருந்துச்சு."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா, போயிட்டு அப்புறம் வான்னு அனுப்பிருவீங்கன்னு பயம்ங்க."

கெஸியா தன் நெற்றியில் லேசாகத் தட்டிக்கொண்டார். வேலை கிடைக்க வேண்டும் என்று இருந்த விரதமே காதை அடைத்து வைத்திருந்திருக்கிறது. அதை மதித்து டப்பாவை மூடியதும் அவர்தான். ரேகாவின் முகம் மலர்ந்தது. "அப்ப என் காதுல கோளாறு இல்லீங்களா அக்கா?" மேடம் அக்காவாகிவிட்டார்.

"காரணம் கெடைச்சிருக்கு. காது நல்லாயிருக்குன்னு இன்னும் தெரியல. வா, பாக்கலாம்."

இந்த முறை நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். "கேட்டா அமுக்கு. கேக்கலன்னா சும்மா இரு. சும்மா இருக்கறதும் ஒரு பதில்தான்." சத்தங்களுக்கு நடுவே இடைவெளியை மாற்றி மாற்றி விட்டார். சில இடங்களில் வெறும் மௌனத்தை விட்டார். மௌனத்தின்போது விளக்கு எரியவில்லை. நீலப் பென்சில் மேலே மேலே ஏறியது. கடைசிச் சத்தத்துக்கு, சற்றுத் தயங்கி, விளக்கு எரிந்தது.

எழுதி முடித்துவிட்டு கெஸியா பென்சிலைக் கீழே வைக்கவில்லை. கடைசிச் சத்தத்துக்கு விசையைக் கொஞ்சம் கூடுதலாக அமுக்கினோமோ? இந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று தனக்கு இருக்கும் ஆசை விரலுக்கும் தெரிந்திருக்குமோ? மேனேஜரின் ஆசையைப் போனிலேயே நிறுத்தியவரால் தன் ஆசையை அவ்வளவு எளிதாக நிறுத்த முடியவில்லை.

"ஜீவா, நீங்க ஒருக்கா பண்ணுங்க. என் தாளப் பாக்காதீங்க."

"நானா? எனக்கு அந்தப் புள்ள மேல இரக்கம் இல்லைங்கறீங்களா?"

"உங்களுக்குப் பசி வந்திருச்சு. பசி வந்தா உங்களுக்கு யார் மேலயும் இரக்கம் இருக்காது."

அது உண்மைதான் என்று ஜீவா உட்கார்ந்தார். கெஸியா தன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு பேக்கரி வாசலில் போய் நின்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பேக்கரிக்காரர் டீ கொடுத்தார். டீ ஆறியது. ரேகா தேறாவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. தேறிவிட்டால் என்ன சொல்வது என்றும் தோன்றவில்லை.

ஜீவா தாளோடு வந்தார். இருவரும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்கள். வெளியே நல்ல வெயில். நீலக் குறிகள் நீலக் குறிகள்மேல் உட்கார்ந்தன, சிவப்பு வட்டங்கள் சிவப்பு வட்டங்களுக்குள் அடங்கின. ஒரே ஓர் இடத்தில் ஜீவாவின் குறி ஒரு படி இறங்கியிருந்தது.

"இது?"

"நான் இருமுனனுங்க. அதுல கேட்டிருக்காது."

"அந்த ஒண்ண மட்டும் மறுபடி பாருங்க."

ஜீவா வயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே போனார், பார்த்தார், திரும்பி வந்து குறியை ஒரு படி ஏற்றினார். கெஸியா சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு ரேகாவிடம் நீட்டினார். ரேகா அதை உடனே வாங்கவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"இன்னொரு தடவ பாக்கணுங்களா அக்கா?"

"வேண்டாம் கண்ணு. ஓடு, ஆபீச மூடிருவாங்க."

அந்த மாலையில் கட்டபெட்டுச் செடிகளுக்கு நடுவே நடந்த கொண்டாட்டத்தில் பெயர் வாங்கியவர் இசக்கியம்மாதான். முழங்கையைப் பார்க்கச் சொன்னது யார்? அவர்தானே. மற்ற விவரங்களை ரேகா சொல்லிப் பார்த்தாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சோதனைக்கு வருகிற பெண்களெல்லாம் உள்ளே போனதும் கண்ணாடிக்கு நேராக நாற்காலியை நகர்த்துகிறார்கள். கெஸியா சலிக்காமல் எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு வருகிறார். நாற்காலியைத் தரையில் ஆணி அடித்துவிடலாம் என்று ஜீவா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இலை லாரி இப்போது தினமும் பிற்பகலில் அந்தத் தெரு வழியாகத்தான் ஏறுகிறது. நேற்று உள்ளே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, மிக மெல்லிய ஓர் இடத்தை எட்டியிருந்தார் கெஸியா. அந்த நேரம் தெருவில் ரேகா, நிலையத்தைக் கண்ட மகிழ்ச்சியில், ஹாரனை நீளமாக அழுத்தினாள். கம்பளச் சுவரெல்லாம் அதிர்ந்தன. மேசையில் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

கெஸியா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ரப்பரை எடுத்து அந்தக் காதுக்குப் போட்டிருந்த குறிகள் அத்தனையையும் அழித்தார். தூளை ஊதித் தள்ளினார். விரலை மெஷின் மேல் வைத்துக்கொண்டு, லாரி மேல் வளைவில் திரும்பி அதன் இரைச்சல் முழுவதும் அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.